கோலிக்கு நான் சொன்ன பதில்

கொடிக்கயிற்றில் தொங்கிய ஒரு வெள்ளை அரைக்கால் டவுசர். என் கல்யாண வாழ்க்கையை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணுக்குள் வந்து நிற்கும். வாழ வந்த மூன்றாம் நாள் அதைத் துவைத்துப் பிழிந்து கொல்லைக் கயிற்றில் போட்டேன். யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கூசிப்போய், அதன் மேலேயே என் சேலையையும் விரித்துப் போட்டேன். சேலையும் காயவில்லை, டவுசரும் காயவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஈர டவுசரையே மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனார். பக்கத்து வீட்டு ராவுத்தரம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மதில் மேல் தலையை நீட்டிச் சிரித்தார். "ஏன்டி புள்ள, உம் புருசன் தொடைய கம்பத்துலருந்து குமுளி வரைக்கும் எல்லாரும் பாத்தாச்சு. இனிமே டவுசர மட்டும் ஒளிச்சு வச்சு என்ன செய்யப்போற?"

என் வீட்டுக்காரர் கால்பந்து ஆடியவர். பிறகு ஒரு கல்லூரியில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்தவர். கல்லூரியில் எல்லாருக்கும் அவர் கோச் சார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோச் என்றால் என்ன என்று கல்யாணம் பேசும்போது எனக்குத் தெரியாது. ரயில் பெட்டி செய்கிற வேலை என்று என் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பிறந்தது எங்கள் பள்ளத்தாக்கில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், அதிகமாக இருக்கிற ஒரு ஊர். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல், பங்குச் சாமியார் கொடுத்த ஒரு தோல் பந்து, அவ்வளவுதான் ஆரம்பம். செருப்பில்லாத காலோடு ஆடி, பள்ளிக்கூடத்துக்கு ஆடி, மதுரையில் ஒரு மில்லுக்கு ஆடி, முட்டி பிசகி ஆட முடியாமல் போனபோது, எங்கள் பக்கத்துக் கல்லூரியில் தற்காலிகமாக இந்த வேலை கிடைத்தது. அந்தத் தற்காலிகம் அவர் ஓய்வு பெறும்வரை தற்காலிகமாகவே இருந்தது.

அவர் வேலை பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய பையன்கள் பாதிப் பேர் திராட்சைத் தோட்டத்துக்காரர்களின் பிள்ளைகள், மீதிப் பேர் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். காலையில் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு, கையெல்லாம் மயில்துத்தம் நீலமாகப் பூசியிருக்க, அப்படியே ஓடி வருவார்கள். பந்தில்கூட அந்த நீலம் ஒட்டியிருக்கும். திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டுகிற மாதம் வந்தால் பதினோரு பேர் சேர மாட்டார்கள். அப்போது இவர் தன் கத்திரியை எடுத்துக்கொண்டு பையனின் தோட்டத்துக்கே போய்விடுவார். "இவன் பங்கு வரிசைய நான் வெட்டித் தாரேன், பயல விடுங்க, நாளைக்கு ஆட்டம்" என்று அப்பன்மாரிடம் சொல்லிவிட்டு, அண்ணாந்தபடி பகல் முழுவதும் கவாத்து வெட்டுவார். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் மைதான ஓரத்தில் நின்று கத்துவார். ஆனி, ஆடியில் மலையிலிருந்து காற்று அடிக்கும்போது, "ஏலே, பந்தத் தரையில வைங்கடா. மேல தூக்குனீகன்னா காத்து சின்னமனூருக்குக் கொண்டு போயிரும்!" என்பார். பார்ப்பதற்கு யாரும் வர மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு என்னிடம் சொல்வார்: "மலைக்கு அந்தப் பக்கம் பந்துன்னா ஊரே கூடும்டி. இங்கன நம்ம ஆட்டத்தப் பாக்க மாடுதான் வருது. அதுவும் புல்லுக்கு வருது."

நான் ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. கூச்சம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரே ஒரு தடவை, கல்லூரி விளையாட்டு விழாவுக்கு அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பரிசு கொடுக்க வேண்டிய அம்மா வரவில்லை. முதல்வர் மைக்கில், "நம்ம கோச் வீட்டம்மா வந்திருக்காங்க, அவங்க கையால கோப்பை கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. நான் எழுந்து நடந்தேன், மேடைக்கு அல்ல. கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டை வைத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விழா முடிந்து அக்கா வந்து கூப்பிட்டபோது என் பச்சைச் சேலை முழுவதும் வெள்ளையாக இருந்தது. "ஆத்தா, பேய் கணக்கா இருக்கியேடி" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் திட்டவில்லை. "விடு, அவளுக்குப் பழக்கமில்ல" என்றார். அதற்குப் பிறகு கோச் சார் வீட்டம்மா பேச மாட்டாக என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அவர் வாழ்நாளில் ஒரு கோல் கதை உண்டு. கல்லூரியில் சேர்கிற ஒவ்வொரு வருசத்துப் பையன்களுக்கும் அதைச் சொல்வார். மதுரையில் ஒரு போட்டி. கடைசி ஆட்டம் கேரளத்து அணியோடு. மழை பெய்து மைதானம் சேறாகக் கிடக்கிறது. முடிய ரெண்டு மூணு நிமிசம் இருக்கும்போது இவர் இடது காலால் ஒரு அடி அடித்தாராம். அவர்களுடைய கோலி, கோல் காக்கிறவர், நல்ல உயரமான மனிதர், பறந்து விழுந்தும் பந்து விரலில்கூடப் படவில்லையாம். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கோலியே வந்து இவர் தோளில் கை போட்டாராம். அன்றிலிருந்து ரெண்டு பேரும் சிநேகிதர்கள். எங்கே போட்டி நடந்தாலும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகிதர்கள். இவர் முட்டி போன பிறகு பார்ப்பது குறைந்தது. ஆனாலும் "கோலி என்னைய மறக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தக் கோலி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. கோடை விடுமுறை. பிள்ளைகள் என் அம்மா வீட்டில். பந்துகள் கிழிந்துபோய், தைத்து வாங்குவதற்கு இவர் தேனிக்குப் போயிருந்தார். மத்தியான வெயிலில் கதவு தட்டிய சத்தம் கேட்டது. ஆம்பளை இல்லாத நேரத்தில் நான் கதவைத் திறப்பதில்லை. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தேன். நெட்டையான ஆள். சட்டை முதுகில் ஒட்டிப்போய் இருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"சேச்சி, சாரு உண்டோ?" என்றார்.

உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கதவைப் பார்த்தபடியே பேசினார். பாதித் தமிழ், பாதி மலையாளம். எனக்கு அது முழுசாகப் புரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போனவள் நான். மலையாளம் புரியாமல் போயிற்று என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. தான் இன்னார் என்றார். கோட்டயம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இப்போது விளையாட்டெல்லாம் தன் பொறுப்பு என்றார். அங்கே கால்பந்துக்கு ஒரு கோச் வேண்டும், நிரந்தர வேலை, குடியிருக்க வீடும் உண்டு. "சாரைத்தான் வேணும்னு ஞான் சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல எங்க பிரின்சிபாலைப் பார்க்கணும். சார் வந்தா இன்னிக்கு வைகுந்நேரம் பஸ்ஸில ரெண்டாளும் ஒண்ணா போயிடலாம். எப்போ வரும் சாரு? ஞான் அந்தச் சாயாக்கடையில இருக்காம்."

அதுவரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த ஊரை நினைத்தேன். ஒரே வரிசையில் வாத்தியார்கள் வீடுகள் இருக்கும். படித்த பெண்கள் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, எந்த ஊர், என்ன படித்தாய் என்று கேட்பார்கள். புதுசாக வந்தவர்கள் என்று கோயிலில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். எந்த மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிவேன்? அவர் பந்தைப் பற்றி, ஊரே கூடுகிற மைதானத்தைப் பற்றி, நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

"அவுக வர மாட்டாக" என்றேன்.

"இன்னிக்கு வரில்லே?"

"அந்த வேலைக்கு வர மாட்டாக. மலைக்கு அந்தப் பக்கம் யாரு கூப்பிட்டாலும் வர்றதில்லன்னு சொல்லியிருக்காக."

பிறகு மெதுவாகக் கேட்டார். "சாரு பறஞ்சதா?"

"ஆமா."

போய்விடுவார் என்று பார்த்தால், லேசாகச் சிரித்தார். "சரி. ஒரு காரியம் மாத்திரம் சாரோட சொல்லணும் சேச்சி. அன்னிக்கு அது அடிச்ச கோல் இல்ல, வழுக்கின கோல்னு எனக்குத் தெரியும். ஞான் இதுவரை ஆரோடும் பறஞ்சிட்டில்ல. அது சொன்னா மதி, அது போதும்." பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். ஜன்னல் வழியாகத் தெரு முனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணி பஸ்ஸில் இவர் வந்தார். தைத்த பந்துகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தபடி, "யாரும் தேடி வந்தாகளா?" என்று கேட்டார். என்றைக்கும் கேட்கிற கேள்விதான். "யாரும் வரல" என்றேன். கோலி சாயங்கால பஸ்ஸுக்காக இன்னும் கம்பத்தில்தான் உட்கார்ந்திருந்திருப்பார். அப்போது சொல்லியிருந்தாலும் நேரம் இருந்தது.

இத்தனை வருசமும் என் மனசுக்குள் இதைக் கூச்சம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். கூச்ச சுபாவக்காரி, அந்நிய ஆம்பளையிடம் பேசத் தெரியாமல் ஏதோ உளறிவிட்டேன் என்று. அது பொய். அன்றைக்கு நான் பேசினேன். என் ஆயுளில் ஒரு வெளியாளிடம் அவ்வளவு தெளிவாக, குரல் நடுங்காமல் பேசியது அந்த ஒரு தடவைதான். அதுவும் என் வீட்டுக்காரர் வாயைக் கடன் வாங்கிக்கொண்டு பேசினேன்.

அவர் இங்கேயே கிடந்தார். பையன்கள் வந்தார்கள், போனார்கள். விளையாட்டைக் காட்டிச் சிலர் போலீசில் சேர்ந்தார்கள், ஒருவன் ரயில்வேயில் இருக்கிறான். பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. மாவட்டத்தைத் தாண்டிப் போனால் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்புவார்கள். கடைசி நாளன்று ஒரு மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அதைக்கூடச் சிரித்துக்கொண்டே ஆணியடித்து மாட்டினார். அவர் குறை சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். முதலில் "கோலி ஏன் வரக் காணோம்" என்றார். பிறகு "வேல மும்முரமா இருப்பான்" என்றார். பிறகு "பெரிய ஆளாயிட்டான், நம்மள எங்க நெனப்பான்" என்றார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நான் பரிமாறிக்கொண்டிருந்தால் கரண்டியோடு அப்படியே அடுப்படிக்குள் போய்விடுவேன்.

போன மாதம், அவரிடம் ஆடிய பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் அவனுடையது. "சார், உங்க கோலி தவறிட்டாராம். அந்தப் பக்கம் பேப்பர்ல படத்தோட போட்டிருக்கு" என்றான். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சரி" என்றார்.

"போகலையா சார்? ஜீப்புலயே கூட்டிட்டுப் போறேன்."

"உசுரோட இருக்கைல இந்தா இருக்கிற மலையத் தாண்டி ஒரு எட்டு வந்து என்னையப் பாக்காத பய. செத்தப்புறம் நான் எதுக்குடா போகணும்?"

இந்த மனிதர் தன்னோடு சண்டை போட்டவன் செத்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அடுத்த சில நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனது போகட்டும். ஒரு நல்ல மனிதர் செத்த பிறகும் இவர் மனசில் கெட்டவராகக் கிடக்கிறார். அதை மாற்ற உலகத்தில் என்னைத் தவிர ஆளில்லை.

ஒரு மத்தியானம் கொல்லையில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, அவுக வந்தாக."

"யாரு?"

"கோலி. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி. நீங்க இல்லாதப்ப வந்தாக. கோட்டயத்துல வேல இருக்கு, கூட்டிட்டுப் போறேன்னாக. நாந்தான் நீங்க வர மாட்டீகன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "நீ? பால்காரன் வந்தாலே அடுப்படிக்குள்ள ஓடுறவ, மலையாளத்தான்கிட்ட நின்னு பேசுனியாக்கும்?" மதிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏக்கா, இங்க வா. உன் சிநேகிதி சொல்ற கதையக் கேளு!"

அக்காவுக்கும் இப்போது முடியவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். விசயத்தைக் கேட்டுவிட்டு, "கெனாக் கண்டிருப்பா தம்பி. மைக்கப் பாத்துட்டு சுண்ணாம்பு மூட்டைல போய் ஒக்காந்தவ இவ" என்று அவரும் சிரித்தார். ரெண்டு பேரும் சிரித்தார்கள். இத்தனை வருசம் பிடித்துத் துணிச்சலை வரவழைத்து ஒரு உண்மையைச் சொன்னால், என் கூச்சமே எனக்கு ஜாமீன் நின்றது. அப்படியே உள்ளே போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். போகத்தான் காலும் எழுந்தது.

"அது அடிச்ச கோல் இல்லையாம்" என்றேன். "வழுக்குன கோலாம். அவுக யாருகிட்டயும் சொல்லலையாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாக."

முட்டியில் இருந்த கை அப்படியே நின்றது. அக்கா மட்டும், "என்னடி சொல்ற, என்ன கோலு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எத்தனையோ பையன்களுக்கு இடது கால் அடி என்று சொன்ன கதை அது. சேற்றில் கால் வழுக்கிப் பந்து உள்ளே போனது என்று அவருக்கும், அன்றைக்கு எதிரில் விழுந்து கிடந்தவருக்கும் மட்டும்தான் தெரியும். என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

"எப்ப வந்தான்?"

"பந்து தைக்க நீங்க தேனி போனீகளே, அன்னைக்கு."

"கோட லீவுல."

"ஆமா."

"நல்ல வெயிலாச்சே."

எண்ணெய் வழிந்த முட்டியை வேட்டியால் துடைத்தார்.

"குடிக்கத் தண்ணி குடுத்தியா?"

வேலையைப் பற்றிக் கேட்பார், ஏன் செய்தாய் என்று கேட்பார், அடிக்கக் கையை ஓங்குவார் என்றெல்லாம் முப்பது வருசமாக நினைத்து நினைத்து எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். இதை நினைக்கவில்லை.

"இல்ல" என்றேன்.

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே வெளியே போனார். அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

மூன்று நாள் அவர் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் ஜீப்புக்காரப் பையனுக்குப் போன் போட்டு, அங்கே நாற்பத்தொன்றாம் நாள் பூசை என்றைக்கு என்று விசாரித்தார். போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தே சொன்னார்: "போறது போறேன். கோலி வீட்டு அம்மாகிட்ட என்னன்னு சொல்ல? உம் புருசன் வந்தது எனக்குத் தெரியாதுன்னு சொன்னா, யாரு நம்புவா?"

"நானும் வாரேன்" என்றேன். "நானே சொல்றேன்."

திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அங்கன வீடு நெறையா ஆளு இருக்கும். பேசிருவியா?"

"தெரியல."

வியாழக்கிழமை போகிறோம். எழுதிப் பார்த்தால் வாயில் வரும் என்று நினைத்துத்தான் என் பேரனின் பழைய நோட்டில் இதை எழுத உட்கார்ந்தேன். டவுசரும் சுண்ணாம்பும் கவாத்தும் என்று வேறு என்னென்னவோ வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியது நாலே வரிதான். உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்கு வந்தாக. எங்க வீட்டுக்காரருக்கு அது தெரியாது. வர மாட்டாகன்னு சொன்னது நான். வெயில்ல வந்த மனுசனுக்கு ஒரு செம்புத் தண்ணி குடுக்கல.

இவர் கடைக்குப் போகிற நேரம் பார்த்து, அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். மூன்று வரியைச் சொல்லிவிடுகிறேன். நாலாவதை இன்னும் ஒரு தடவைகூட முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை.